தொடை எலும்பும் ஒரு பீம்தான்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் என் தலைப்பைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக்கல் படித்தவனுக்கு எலும்போடு என்ன வேலை?" என்று காலையில் டீ குடிக்கும்போதே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். தொடை எலும்பு முறிந்தால் டாக்டர் "ராடு போடணும்" என்று சொல்வார் இல்லையா, அந்த ராடை வடிவமைப்பதுதான் என் வேலை. ராடு சரியாக உட்கார வேண்டுமானால் எலும்பின் அளவும் வளைவும் தெரிய வேண்டும். அதைத் தேடிப் படிக்கப் போன இடத்தில்தான் இன்னொரு கூட்டத்தாரின் வேலை எனக்கு அறிமுகமானது. அவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் தொடை எலும்பை எடுத்து, "இவர் நிறைய நடந்தவர், இவர் அதிகம் நடக்காதவர்" என்று சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல அவர்கள் பயன்படுத்துவது நாம் மூன்றாம் செமஸ்டரில் படித்த ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம். அதே பீம், அதே பெண்டிங் மொமென்ட், அதே மொமென்ட் ஆஃப் இனர்ஷியா!

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1866-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஃபான் மேயர் என்ற உடற்கூறு பேராசிரியர் தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்காக வெட்டிக் காட்டினார். உள்ளே கடற்பஞ்சு போன்ற எலும்பில் மெல்லிய இழைகள் வளைந்து வளைந்து ஓர் ஒழுங்கில் ஓடுகின்றன. அதைப் பார்த்தவர்களில் கார்ல் குல்மன் என்பவர் நம்ம ஆள், கட்டுமானப் பொறியாளர். கிரேனில் பாரம் தொங்கும்போது உள்ளே தகைவு எந்தெந்தப் பாதையில் ஓடும் என்று அவர் வரைந்து பழகியிருந்தார். எலும்பின் இழைகளும் கிட்டத்தட்ட அதே பாதையில் ஓடுவதைக் கண்டு அசந்துபோனார். அந்தப் பொறியில் கிளம்பியதை ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-ல் ஒரு விதியாகவே எழுதினார். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் என்பதே அதன் சாரம். கணித வடிவில் அவர் சொன்னது அப்படியே நிற்கவில்லை, ஆனால் அடிப்படைக் கருத்து நின்றுவிட்டது.

இனி கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், போர்டு இல்லாமலேயே சொல்கிறேன். தொடை எலும்பின் நடுப்பகுதி ஒரு குழாய். வெளிவிட்டம் 28 மி.மீ., நடுவில் மஜ்ஜை இருக்கும் துவாரம் 14 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு எலும்பைத் துவாரம் இல்லாத கம்பியாக உருட்டினால் விட்டம் சுமார் 24 மி.மீ. வரும். எடை ஒன்றுதான், ஆனால் குழாயின் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா கம்பியைவிட சுமார் 67 சதவீதம் அதிகம். சைக்கிள் ஃபிரேமைக் குழாயில் செய்யும் அதே காரணம்தான்.

இன்னொரு கணக்கு. இந்தக் குழாயின் வெளிவிட்டத்தை 1 மி.மீ. கூட்டுங்கள். வளைவை எதிர்க்கும் திறன் சுமார் 16 சதவீதம் ஏறிவிடும். அதே 1 மி.மீ.-ஐ உள்ளே சேர்த்துத் துவாரத்தை 13 மி.மீ.-ஆகக் குறைத்தால் 2 சதவீதம்கூட ஏறாது. வெளிப்பக்கம் சேரும் எலும்புக்குத்தான் மதிப்பு அதிகம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

இரும்பு பீமுக்கும் எலும்புக்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். இரும்பு நாம் போட்டபடி கிடக்கும். எலும்பு உயிருள்ளது. திரிபு அதிகமானால் சேர்த்துக்கொள்ளும், வேலை இல்லாவிட்டால் கரைந்துபோகும். இதற்கு நல்ல சாட்சி டென்னிஸ் ஆட்டக்காரர்கள். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே பரம்பரை. ஒரு கை மட்டும் ராக்கெட் பிடிக்கிறது. 1977-ல் வெளிவந்த ஆய்வில் 84 தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பார்த்தார்கள். ஆடும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மற்றக் கையைவிட ஆண்களில் சுமார் 35 சதவீதமும் பெண்களில் சுமார் 28 சதவீதமும் தடித்திருந்தது.

சரி, எவ்வளவு உழைத்தால் எலும்பு இப்படிப் பதில் சொல்லும்? ரூபின், லேன்யன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984-ல் ஒரு பறவையின் இறக்கை எலும்பில் செயற்கையாகச் சுமை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு வெறும் 36 முறை கொடுத்தாலே எலும்பு கூடியது. அதையே 1,800 முறையாக்கினாலும் அதற்கு மேல் கூடவில்லை. சுமையை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தாலோ பலனே இல்லை, சும்மா விட்ட எலும்பு போலவே அதுவும் தேய்ந்தது. ஆக, எலும்பு எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாக வளைத்தீர்கள் என்பதையே அது கவனிக்கிறது. நாள் முழுக்க மெதுவாக நடந்தவரையும், கொஞ்ச நேரம் பலமாகக் குதித்தவரையும் பருமனை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம் என்பது இதிலேயே தெரிகிறது.

அதனால்தான் ஆய்வாளர்கள் பருமனோடு வடிவத்தையும் பார்க்கிறார்கள். தொடை எலும்பின் குறுக்குவெட்டு முழு வட்டம் இல்லை. பின்பக்கம் தசைகள் ஒட்டும் ஒரு வரம்பு நீளமாக ஓடுகிறது. ஓடும்போதும் மேடு ஏறும்போதும் முழங்காலைச் சுற்றியுள்ள தசைகள் எலும்பை முன்பின்னாக வளைக்கின்றன. எனவே நிறைய ஓடியவரின் எலும்பு முன்பின் திசையில் நீண்டு, முட்டை வடிவத்துக்குப் போகும் என்பது எதிர்பார்ப்பு. உயிரோடு இருக்கும் விளையாட்டு வீரர்களிடமும் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2009-ல் கேம்பிரிட்ஜில் ஷா, ஸ்டாக் என்ற இருவர் கீழ்க்கால் எலும்பைப் பார்த்தபோது, ஒரே திசையில் ஓடும் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அது முன்பின்னாக நீண்டிருந்தது. நாலாபக்கமும் திரும்பி ஓடும் ஹாக்கி வீரர்களுக்கு அவ்வளவு நீளாமல், எல்லாத் திசையிலும் பலப்பட்டிருந்தது. மூன்றாம் செமஸ்டர் பாடம் அப்படியே கண் முன்னால் நிற்கிறது!

பழைய எலும்புகளில் இந்தக் கணக்கை முறையாகப் போட்ட முன்னோடி வேலை 1983-ல் வந்தது. கிறிஸ்டோபர் ரஃப் மானுடவியல்காரர், வில்சன் ஹேய்ஸ் மெக்கானிக்கல் பொறியாளர். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பேக்கோஸ் என்ற பழங்குடிக் கிராமத்தில் கிடைத்த 119 பேரின் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் அளந்தார்கள். ஆண்களின் எலும்பு முழங்கால் பக்கம் முன்பின் திசையில் அதிகம் பலப்பட்டிருந்தது. பல சமூகங்களை ஒப்பிட்டு ரஃப் 1987-ல் இன்னொன்றும் சொன்னார். வேட்டையாடி வாழ்ந்தவர்களில் ஆண் பெண் எலும்பு வடிவ வேறுபாடு அதிகம். விவசாயம் வந்ததும் அது குறைகிறது. தொழிற்சாலை யுகத்தில் இன்னும் குறைந்து, கிட்டத்தட்ட மறைந்தேபோகிறது. தூரம் போய் அலையும் வேலை ஆண்களுடையதாக இருந்து பிறகு குறைந்தது என்பது அவர் தந்த விளக்கம்.

2015-ல் அவரும் கூட்டாளிகளும் ஐரோப்பாவில் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தைச் சேர்ந்த 1,842 பேரின் எலும்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். காலின் முன்பின் வலிமை விவசாயம் வந்த பிறகு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்து ரோமானியர் காலத்தோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு பெரிய மாற்றம் இல்லை. நம்மைக் கெடுத்தது காரும் டி.வி.யும்தான் என்று நினைக்கிறோம், ஆனால் அந்தக் கதை கார் வருவதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது.

இவ்வளவு நேரம் நல்ல பக்கத்தைச் சொன்னேன். இனி நம் புத்திக்கு வேலை. ஒரு பாலத்தின் கர்டரை மட்டும் கையில் கொடுத்து, "இதன் மேல் எத்தனை லாரி போச்சு சொல்லு" என்று கேட்டால் சொல்வோமா? அந்த கர்டர் ஏன் அவ்வளவு பெரியது? லாரி அதிகம் என்பதாலா, ஸ்பான் நீளம் என்பதாலா, ஸ்டோரில் அந்த சைஸ்தான் இருந்தது என்பதாலா? சுமை தெரிந்தால் வடிவம் கணக்கிடலாம். வடிவத்திலிருந்து சுமைக்குத் திரும்பிப் போக ஒரே பாதை கிடையாது. எலும்பிலும் இதே சங்கடம்தான்.

முதல் சங்கடம் உடல் வாகு. இடுப்பு அகலமானவர்களுக்குத் தொடை எலும்பு பக்கவாட்டில் அதிகம் வளையும், எனவே அந்தத் திசையில் அகலும். உழைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2011-ல் வந்த ஓர் ஆய்வு, உடல் எடை மிகுந்தவர்களின் தொடை எலும்பு பக்கவாட்டில் அகன்றிருப்பதைக் காட்டியது. ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கண்டெடுத்தார்களே, 5,300 ஆண்டுப் பழைய மனிதர், அவர் உடலிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. அவரது கீழ்க்கால் எலும்பு மலையேறி அலைந்தவருடையது போல இருக்கிறது. தொடை எலும்பு அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. குட்டையான, அகன்ற உடல்வாகு அவருக்கு. இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் தொடை எலும்பு இடுப்பின் பேச்சையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, வயது. முதுமையில் எலும்பு உள்ளிருந்து கரையும், வெளியே கொஞ்சம் சேரும். குழாய் பெரிதாகி சுவர் மெலியும். அறுபது வயதுக்காரர் எலும்பையும் இருபது வயதுக்காரர் எலும்பையும் பக்கத்தில் வைத்து உழைப்பைப் பற்றிப் பேசினால் கதை கந்தலாகிவிடும்.

மூன்றாவது, கணக்கே. பாடத்தில் பீமின் நியூட்ரல் ஆக்சிஸ் குறுக்குவெட்டின் மையம் வழியே போகும் என்று படித்தோம். ஆனால் கூடவே அச்சுவழி அழுத்தமும் இருந்தால் அது நகர்ந்துவிடும். மையம் தப்பிப் பாரம் தாங்கும் தூணில் போட்ட கணக்குதான் இது. ஓடும்போது காலில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. லீபர்மன் குழுவினர் செம்மறி ஆடுகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு, எலும்பிலேயே ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி அளந்து 2004-ல் வெளியிட்டார்கள். எலும்பு உண்மையில் வளைந்த அச்சும், வடிவத்தை வைத்துப் போட்ட கணக்கின் அச்சும் ஒத்துப்போகவில்லை. வரம்பு தடித்திருந்தால் தசை பலம் என்று சொல்வதும் அப்படித்தான். 2006-ல் வந்த ஓர் ஆய்வில் வளர்ந்த ஆடுகளுக்குப் பாரம் கட்டி 90 நாள் பயிற்சி கொடுத்தார்கள். தசை வளர்ந்தது, தசை ஒட்டும் இடத்தில் எலும்பு மாறவே இல்லை.

நான்காவது சங்கடம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. "விவசாயம் வந்ததால் எலும்பு மெலிந்தது" என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரையில் விவசாயம் வந்த பிறகு தொடை எலும்பின் வலிமை குறைந்தது. இது 1984-ல் வந்த முடிவு. அங்கிருந்து அதிக தூரம் இல்லாத அலபாமாவின் டென்னஸி ஆற்றுப் பக்கம் 1989-ல் பாட்ரீஷியா பிரிட்ஜஸ் பார்த்தபோது வலிமை கூடியிருந்தது. அதிலும் பெண்களின் கை எலும்பு பலமாகக் கூடியிருந்தது. மக்காச்சோளத்தை உரலில் போட்டு இடித்த கைகள் என்பது அவர் விளக்கம். இரண்டு இடத்திலும் விவசாயம்தான். ஆனால் மண், சாப்பாடு, யார் எந்த வேலை செய்தார்கள் என்பது வேறு. "விவசாயம்" என்ற ஒரு சொல்லை எலும்புக்குத் தெரியாது, அதற்குத் தெரிந்தது திரிபு மட்டும்தான்.

நம் பக்கத்திலிருந்தும் ஓர் உதாரணம். லாகூர் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த ஹேவ்லாக் சார்ல்ஸ் என்ற அயர்லாந்து டாக்டர் 1890-களில் பஞ்சாபியரின் கால் எலும்புகளை ஆராய்ந்தார். ஐரோப்பியரில் அரிதான சில தடங்கள் கணுக்கால் பக்கம் இருந்தன. குந்தி உட்காரும் பழக்கம்தான் காரணம் என்றார். அத்தோடு நிறுத்தாமல், அந்தத் தடங்கள் குழந்தையிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு, பெற்றோர் பழக்கத்தால் பெற்றது பிள்ளைக்கு இறங்கிவிட்டது என்றும் வாதாடினார். அந்த இரண்டாவது வாதம் இன்று யாரிடமும் எடுபடாது. நல்ல கவனிப்பும் அவசர முடிவும் ஒரே கட்டுரைக்குள் எப்படிக் குடித்தனம் பண்ணும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

"சரிப்பா, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. ஓர் எலும்புக் கூட்டைப் பார்த்து "இவர் அடிமை", "இவர் போர்வீரர்", "இவர் வீட்டிலேயே இருந்த பெண்" என்று எழுதிவிட்டால், மறுத்துப் பேச அவர் வரப்போவதில்லை. பழங்காலப் பெண்களின் எலும்பை ரொம்ப காலம் அதே ஊர் ஆண்களின் எலும்போடு ஒப்பிட்டு, மெலிந்திருக்கிறதே, வேலை லேசு போலிருக்கிறது என்று முடித்தார்கள். 2017-ல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று பெண்ணைப் பெண்ணோடு ஒப்பிட்டது. மத்திய ஐரோப்பாவில் சுமார் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முதல் விவசாயப் பெண்களின் மேற்கை எலும்பு, அந்தப் பல்கலைக்கழகத்தின் படகுப் போட்டி வீராங்கனைகளின் எலும்பைவிட உடல் அளவுக்கு 11 முதல் 16 சதவீதம் வலிமையாக இருந்தது. தானியம் அரைத்த கைகள்! ஆட்டுக்கல்லும் அம்மியும் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அந்த உழைப்பு கணக்கில் வராமல் போனதற்குக் காரணம் எலும்பு அல்ல, ஒப்பிட்ட விதம்.

பேக்கோஸ் கதைக்கும் ஒரு முடிவு உண்டு. அங்கே 1915 முதல் 1929 வரை தோண்டி எடுத்துச் சென்று, பல பத்தாண்டுகள் ஹார்வர்டில் வைத்திருந்தது கிட்டத்தட்ட 2,000 பேரின் எலும்புகளை. அவர்களின் வழிவந்தோர் ஹேமஸ் என்ற கிராமத்தில் இன்றும் இருக்கிறார்கள். 1990-ல் வந்த சட்டத்தின்படி 1999-ல் எலும்புகள் திரும்பி வந்தன. மக்கள் கூடி அவற்றை மீண்டும் பேக்கோஸ் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். நமக்கு அவை 119 டேட்டா பாயின்ட். அவர்களுக்குப் பாட்டன் பூட்டன். அளக்கிற கைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

என் தொழிலிலும் இதே பாடம்தான். தொடை எலும்பு நேர்க்கோடு இல்லை, முன்பக்கம் லேசாக வில் போல வளைந்திருக்கும். 2004-ல் அமெரிக்காவில் 948 தொடை எலும்புகளை அளந்தார்கள். வளைவு ஆரம் சராசரி 120 செ.மீ. அப்போது விற்பனையில் இருந்த ராடுகளின் ஆரமோ 186 முதல் 300 செ.மீ. வரை. அதாவது எலும்பைவிட ராடு நேரானது. நேரான ராடை வளைந்த எலும்பில் செலுத்தினால் நுனி முன்சுவரில் போய் இடிக்கும், சமயத்தில் உடைத்தும்விடும். அந்தச் சராசரியிலும் ஏற்றத்தாழ்வு 36 செ.மீ. என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியம் அந்த 36-தான். ஆபரேஷன் டேபிளில் படுத்திருப்பவர் சராசரி மனிதர் இல்லை. அவருக்கென்று ஓர் இடுப்பு, ஒரு வயது, ஒரு பிழைப்பு இருக்கிறது.

கடைசியாக, ஞாபகம் வைக்கச் சொன்ன அந்தக் கணக்கு. வெளியே சேரும் 1 மி.மீ. 16 சதவீதம், உள்ளே சேர்ந்தால் 2 சதவீதத்துக்கும் கீழே. சிறுவயதிலும் வாலிபத்தின் தொடக்கத்திலும் உழைப்புக்குப் பதிலாக எலும்பு பெரும்பாலும் வெளிப்பக்கம் சேர்கிறது. வயது வந்த பிறகு பெரும்பாலும் உள்பக்கம்தான். 2014-ல் அமெரிக்க பேஸ்பால் வீரர்களை ஆராய்ந்தவர்கள், ஆட்டத்தை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் எறியும் கையின் பருமனில் கிடைத்த ஆதாயம் பாதியும், வலிமையில் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கும் வாழ்நாள் முழுக்க நின்றதைக் கண்டார்கள். பழைய எலும்பைப் படிப்பவருக்கு இது ஓர் எச்சரிக்கை. நாற்பது வயதில் இறந்தவரின் எலும்பு அவருடைய பதினைந்து வயதைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கலாம்.

நமக்கு இது வேறு விதமான செய்தி. இங்கே வந்திருக்கும் நம்மில் பலருக்குப் பிள்ளைகள் எட்டாவது, பத்தாவது படிக்கிறார்கள். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டால் நமக்கு உள்ளூர சந்தோஷம். மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், மைதானப் பக்கமே விடுவதில்லை. அந்த வயதில் கிடைக்காத அரை மில்லிமீட்டரை அறுபது வயதில் எந்த மாத்திரையும் எந்த ராடும் முழுசாகத் திருப்பித் தராது. ராடு விற்கிற கம்பெனிக்காரன் சொல்கிறேன், நம்புங்கள். இந்தக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளை நம் கல்லூரி மைதானத்தில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். நேராக ஓடினாலும் சரி, குறுக்கும் நெடுக்கும் ஓடினாலும் சரி, எலும்பு இரண்டையும் எழுதிக்கொள்ளும்.